பதினோரு யானைகள்

பிப்ரவரி 1, ஞாயிறு

“யானை அவ்வளவு பெருசா இருக்குதே சார், அது எப்படிங்க சார் காட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கும்?”

1994இல் எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் ரங்கநாயகி என்ற மாணவி என்னிடம் கேட்டது. நான் அப்போது கரும்பலகையில் மேற்குத் தொடர்ச்சி மலையை வரைந்து, மழை மறைவுப் பிரதேசம் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கேள்விக்கும் பாடத்துக்கும் சம்பந்தமில்லை. “நாளைக்குச் சொல்றேன், உக்காரு” என்றேன். மறுநாள் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. யானையைக் கோவில் வாசலில் மட்டுமே பார்த்தவன் நான்.

இன்று அந்தக் கேள்வி ஞாபகத்துக்கு வரக் காரணம், வரைபடம். பேத்திக்கு 18ஆம் தேதி காது குத்து. மகள் பொற்கொடி எர்ணாகுளத்தில் இருக்கிறாள். தாராபுரத்திலிருந்து எங்கள் காரிலேயே போவதாக முடிவு. உடுமலை போய், பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் என்று போவதுதான் எல்லோரும் போகும் வழி. ஆனால் உடுமலையிலேயே இடது பக்கம் திரும்பினால் இன்னொரு சாலை இருக்கிறது. அமராவதிக் காடு, சின்னாறு, மறையூர், மூணாறு. நேரம் அதிகம் பிடிக்கும். ஆனால் முப்பத்து மூன்று வருடம் நான் சாக்பீஸால் வரைந்த அந்த மழை மறைவுப் பிரதேசம், அந்தச் சாலையில்தான் இருக்கிறது.

மாணவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது: பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குக் கூட்டு, பொரியல், பாயசம் எல்லாம் வரும். கடைசி இலைக்கு வந்து சேரும்போது வாளியில் ரசம்தான் இருக்கும். மேகம் மலைக்கு அந்தப் பக்கமே எல்லாவற்றையும் பரிமாறிவிட்டு, இந்தப் பக்கம் வெறும் வாளியோடு வருகிறது. சின்னாறு அந்தக் கடைசி இலை.

மனைவி மயிலாத்தாளிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். இருபத்தெட்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள்.

“மூணாறு லைன் எத்தனை போட்டுக் குடுத்திருப்பேன் தெரியுங்களா? ‘இங்க மழைங்க, இங்க பனிங்க, ரோட்டுல யானை நிக்குதுங்க’ம்பாங்க. காதுல கேட்டதோட சரி. போலாமுங்க.”

பிப்ரவரி 3, செவ்வாய்

பாடக்குறிப்பு எழுதினேன். பழக்கம் விடுவதில்லை. தலைப்பு: சின்னாறு வனச்சாலை. நோக்கம்: வறண்ட முட்காடு, ஆற்றோரக் காடு, வனவிலங்கு ஆகியவற்றை நேரில் காணல். துணைக்கருவிகள்: தொலைநோக்கி, குடிநீர், எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு. காலப் பகிர்வு: 6.00 சோதனைச் சாவடி. 6.15 முதல் 7.30 வரை விலங்குகள்.

மயிலா எட்டிப் பார்த்தாள்.

“ஆறே காலுக்கு மணி அடிச்சா யானை வந்து வரிசையில நிக்குமாக்கும்?”

“கோடை தொடங்கிவிட்டால் தண்ணீருக்கு வரும். காலையும் மாலையும்.”

“லீவு லெட்டர் குடுத்துட்டுப் போயிருந்தா?”

சிரித்துக்கொண்டே டம்ளரை வைத்தாள். இப்போதெல்லாம் எதையும் எனக்கு இடது பக்கமே வைக்கிறாள். கை பட்டு, காலப் பகிர்வு முழுக்கக் காபி. மறுபடி எழுதினேன்.

பிப்ரவரி 5, வியாழன்

எங்கள் வீட்டு கேட்டின் இடது தூண் கொஞ்சம் உள்ளே தள்ளிக் கட்டப்பட்டிருக்கிறது. இருபத்தாறு வருடமாக இதை நான் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

ஆயில் மாற்றி, டயருக்குக் காற்றுப் பிடித்தேன். ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர் வண்டியைச் சுற்றி வந்து, “வாத்தியாரே, கோடு பூராம் இந்தப் பக்கமே இருக்குதே, வலது பக்கம் புதுசு மாதிரி இருக்குது” என்றார். நெரிசல் அப்படி என்றேன். கார் கதவில் பட்டி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். மயிலா உட்காரும் பக்கத்துக் கதவு.

பிப்ரவரி 8, ஞாயிறு

பொற்கொடி போனில் ஒரே பிடிவாதம்.

“அப்பா, ரயில்ல வாங்கப்பா. இந்த வயசுல மலை ரோடெல்லாம் எதுக்கு?”

“அறுபத்தெட்டு ஒரு வயசா? மெதுவாகத்தான் ஓட்டுவேன்.”

“கண்ணைக் காட்டுனீங்களா? போன வருசம் ஏதோ கேம்ப்புன்னீங்களே?”

“காட்டினேன். ஒன்றுமில்லை.”

மயிலா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆகவே அப்படித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

உள்ளதை இங்கே எழுதி வைக்கிறேன். முகாமில் ஒரு டாக்டரம்மா கண்ணில் அழுத்தம் அதிகம் என்றார். நரம்பு தேயும், வலி இருக்காது, உங்களுக்கே தெரியாது என்றார். தினம் ஒரு சொட்டு மருந்து, மூன்று மாதத்தில் மறு பரிசோதனை, அதுவரை வண்டி வேண்டாம் என்று ஒரு சீட்டும் கொடுத்தார். மருந்து எரிந்தது. இரண்டு மாதம் போட்டுவிட்டு நிறுத்திவிட்டேன். கண் நன்றாகத் தெரிந்தது. கேலண்டரில் அமாவாசை, கார்த்திகை எல்லாம் எட்டத்திலிருந்தே படிக்கிறேன். எழுத்து தெரிகிற கண்ணில் என்ன கோளாறு இருக்க முடியும்? சீட்டு, மேசை டிராயரில் ஸ்டாம்ப் பேடுக்கு அடியில் இருக்கிறது.

பிப்ரவரி 10, செவ்வாய்

சந்தைக்குப் போகும் வழியில் ஒரு மொபெட் திடீரென்று முளைத்தது. நல்லவேளையாக அவர் பிரேக் போட்டுவிட்டார். கீரைக்கட்டு சிதறியது. “கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். இந்தக் காலத்தில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

பெட்டி கட்டியாயிற்று. பேத்திக்குக் கம்மல், நிலக்கடலை, முருங்கைக்காய் ஒரு கட்டு. மயிலா இரண்டு முறை கண்ணாடி முன் நின்று, தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிப் பார்த்துக்கொண்டாள். அறுபத்து மூன்று வயதில் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகிறவள்போல் இருந்தாள்.

அவளிடம் சீட்டைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று அடுப்படி வரை போனேன். சொன்னால் சின்னாறு இல்லை. ரயில்தான். காட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பி வந்தேன்.

பிப்ரவரி 13, வெள்ளி. எர்ணாகுளம், மாலை

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஐந்து மணிக்கு முன்பே கிளம்பி, ஆறேகாலுக்குச் சோதனைச் சாவடி. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்ட வாட்சர் காளியப்பன் எங்கள் இருவரையும் பார்த்தார்.

“சார், உள்ள எங்கயும் எறங்கக் கூடாது. கண்ணாடி ஏத்தியே இருக்கட்டும். ஆனை ரோட்டுல இருந்தா தள்ளி நிப்பாட்டிக்குங்க. ஹாரன் வேண்டாம். அது போன பொறவும் அஞ்சு நிமிசம் பொறுங்க. அம்மா, போட்டோ எடுக்கறேன்னு கையக் கிய்ய வெளிய நீட்டிராதீங்க.”

“நான் நல்ல புள்ளைங்க. சாரைச் சொல்லுங்க, பாடம் எடுக்கறேன்னு எறங்கிருவாரு” என்றாள் மயிலா.

கேட் உயர்ந்தது.

காடு என்றால் பச்சை என்றுதான் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லியிருக்கிறேன். இந்தக் காட்டில் பச்சை குறைவு. செம்மண், சாம்பல் நிற முள்மரங்கள், ஆள் உயரக் கள்ளி, வெயிலில் செம்பு போல மின்னும் காய்ந்த புல். அதற்கு மேலே மலை. மலையின் உச்சியில் மேகம் ஒரு வெள்ளைத் துண்டுபோல் மடித்துப் போடப்பட்டிருந்தது. எங்கள் பக்கம் ஒரு சொட்டு இறங்கவில்லை. சாக்பீஸ் கோடுகள் எல்லாம் எழுந்து நின்றதுபோல் இருந்தது. முப்பத்து மூன்று வருடம் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் இவ்வளவு பெரிது என்று ஒருநாளும் சொல்லவில்லை.

புள்ளிமான்கள் சாலையோரம் நின்று எங்களைப் பார்த்துவிட்டு மேய்ச்சலுக்குத் திரும்பின. பள்ளத்தில் மட்டும், ஆறு போகும் இடத்தில், மருத மரங்கள் அடர்ந்து ஒரு பச்சைக் கோடு. “அங்க பாருங்க, அணிலு, பூனை தண்டி!” என்று மயிலா கத்தினாள். அவள் கை காட்டியது இடது பக்கம். நான் கழுத்தைத் திருப்புவதற்குள் அது போய்விட்டது.

ஏழரைக்கு ஒரு திருப்பம். வலது பக்கச் சரிவில் பாறைகள் உருண்டு வருவதுபோல் இருந்தது. பாறைகள் இல்லை. வண்டியை நிறுத்தினேன். நாற்பது மீட்டர் இருக்கும்.

தொலைநோக்கியில் எண்ணினேன். இது வாத்தியார் புத்தி. சுற்றுலா பஸ்ஸில் ஏற்றும்போது ஒரு எண்ணிக்கை, இறங்கும்போது ஒரு எண்ணிக்கை. இரண்டும் ஒத்துப்போனால்தான் பஸ் நகரும். முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு பிள்ளையைத் தொலைத்தவன் இல்லை நான். சரிவில் பதினொன்று. இரண்டு முறை எண்ணி உறுதி செய்துகொண்டேன்.

முதலில் வந்த கிழவி சாலையோரம் நின்று, முன்காலைத் தாரின் மேல் வைத்து எடுத்தாள். குளிக்கப் போகிறவர் தண்ணீரின் சூட்டைக் கால்விரலால் பார்ப்பாரே, அப்படி. பிறகு கடந்தாள். அவள் பின்னால் ஒவ்வொன்றாக. அவ்வளவு எடை நடக்கிறது, சத்தமே இல்லை. உடம்பெல்லாம் செம்மண் அப்பியிருந்தது. காதுகள் விசிறிய காற்றில் புழுதி எழுந்தது. ஒரு குட்டி, தாயின் வயிற்றுக்கு அடியிலேயே நடந்தது. நான்கு தூண்களுக்கு நடுவே ஒரு வீடு நகர்வதுபோல் இருந்தது. எங்கிருந்தோ ஒரு உறுமல், காதில் விழுவதற்கு முன் நெஞ்சில் அதிர்ந்தது. ஸ்டியரிங் லேசாக நடுங்கியது.

ஏழு, எட்டு, ஒன்பது. கடைசியாக இரண்டு இளசுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின. பதினொன்று. இடப்புறப் புதருக்குள் எல்லாம் மறைந்தன. கணக்குச் சரி.

“பதினொண்ணு. முடிஞ்சது” என்று கியரைப் போட்டேன்.

என் கை மேல் மயிலாவின் கை விழுந்தது. இறுக்கமாக.

“வேண்டாமுங்க.” மூச்சுபோல ஒரு குரல். “இது இன்னும் போகலையில்ல.”

“எது?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பத்தொரு வருடத்தில் அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

“இது” என்றாள்.

கழுத்தை முழுக்கத் திருப்பினேன். அவள் பக்கக் கண்ணாடிக்கு வெளியே சாம்பல் நிறத்தில் ஒரு சுவர். சுவரில் சுருக்கங்கள். சுருக்கங்களுக்கு நடுவே, ஈரமாக, பழுப்பாக, ஒரு கண். கரும்பலகைக்கும் முதல் பெஞ்சுக்கும் உள்ள தூரம்தான்.

அது எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோபமாகத் தெரியவில்லை. இமை மெல்ல இறங்கி ஏறியது. அந்த நீளமான இமைமுடிகளை என்னால் எண்ணியிருக்க முடியும். பிறகு அது அடியெடுத்து வைத்து, எங்கள் வண்டியின் மூக்குக்கு நேர் முன்னே, சாலையில் ஏறி நின்றது. நான் ஒரு நொடி முன்னே நகர்ந்திருந்தால் அந்த இடத்தில் நாங்கள் இருந்திருப்போம். கண்ணாடி முழுவதும் யானை. வானம் இல்லை, மலை இல்லை. கிழவி போன திசைக்குத் தும்பிக்கையை உயர்த்தி மோப்பம் பிடித்தது. பிறகு, அவசரமே இல்லாமல், கூட்டத்தின் பின்னால் இறங்கிப் போனது. அவ்வளவு பெரிய உடம்பை நாலு முள்மரங்கள் வாங்கி வைத்துக்கொண்டன.

இன்ஜினை அணைத்தேன்.

“வண்டிய நிறுத்துனதுல இருந்து அது எம்பக்கத்துலதான் நின்னுச்சு” என்றாள். “நீங்க அசையாம உக்காந்திருந்தீங்க. ‘எத்தனை தைரியம் பாரு இந்த மனுசனுக்கு’ன்னு நெனச்சுத்தான் நானும் பேசாம இருந்தேன்.”

என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க பாக்கவே இல்ல. அப்படித்தானுங்களே?”

“இல்லை.”

“கேட் தூணு?”

“தெரியவில்லை.”

“எத்தனை நாளா?”

சீட்டைப் பற்றிச் சொன்னேன். மருந்தைப் பற்றியும். ஸ்டாம்ப் பேடைப் பற்றிக்கூடச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அங்கே இப்போது முள்மரம் மட்டும்.

“ரயில்ல வந்திருந்தா இத நான் பாத்திருக்க மாட்டேன்” என்றாள். “ஆனா நீங்க எங்கிட்டச் சொல்லியிருந்தா, இது இங்க நிக்குதுன்னு உங்ககிட்ட நான் சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் சேர்ந்து பாத்திருப்போம். அஞ்சு நிமிசம் நான் தனியாப் பாத்தேனுங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இறங்கக் கூடாத இடம். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அடுத்த சாவடிக்கு இன்னும் ஆறேழு கிலோமீட்டர். மயிலா நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். எக்ஸ்சேஞ்சில் பேசும் குரல் வந்தது. ஏற்ற இறக்கம் இல்லாத, தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லாத குரல்.

“மெதுவா எடுங்க. இடது காலி. இடது காலி. பாறை ஒண்ணு, தள்ளி இருக்கு. காலி. மானு மூணு, நிக்குது, ஓடல. ஓரம் ரொம்பப் போறீங்க, வலது. சரி. காலி.”

ஆறேழு கிலோமீட்டரும் அப்படியே வந்தோம். அவள் சொல்லச் சொல்ல என் இடது பக்கத்தில் காடு முளைத்துக்கொண்டே வந்தது. வாழ்க்கையில் நான் கேட்ட மிகச் சிறந்த பாடம் அது. நான் மாணவன்.

சின்னாறு சாவடியில் இறங்கி, சாவியை அவள் கையில் கொடுத்தேன். அங்கிருந்தவர்கள் மறையூருக்குப் போன் போட்டு ஒரு டிரைவரை வரவழைத்தார்கள். சேவியர் என்று பெயர். நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். மூணாறில் தேயிலைச் சரிவுகள் வந்தபோது, மயிலா முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பி, “இடது பக்கம் பாருங்க, முழுசாத் திரும்புங்க” என்றாள். திரும்பினேன். பந்தியின் முதல் வரிசை அது. இத்தனை பச்சையை ஒரே இடத்தில் நான் கண்டதில்லை.

பிப்ரவரி 14, சனி

பொற்கொடி எதுவும் கேட்கவில்லை. மயிலா இரவே சொல்லியிருப்பாள். காலையில் காபி டம்ளர் வலது பக்கம் வந்தது.

பிப்ரவரி 16, திங்கள்

கண் மருத்துவமனை. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, நடுவில் உள்ள புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். சுற்றிலும் சின்னச் சின்ன வெளிச்சங்கள் வரும். தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். கார்த்திகை விளக்கு பார்ப்பதுபோல் அழகாக இருந்தது. நன்றாகச் செய்துவிட்டேன் என்றுதான் எழுந்தேன்.

தாளைக் காட்டினார்கள். இடது கண்ணின் படத்தில் பாதிக்கு மேல் கறுப்பு. வலது கண்ணின் ஓரத்திலும் தொடங்கியிருக்கிறது.

“ஆனால் டாக்டர், எனக்குக் கறுப்பாக எதுவும் தெரிவதில்லையே?”

மருத்துவர் தமிழ் தெரிந்த இளம்பெண். “தெரியாது சார். கண் கொண்டுவராத இடத்தை மூளை சும்மா விடாது. பக்கத்துல என்ன இருக்கோ அதையே நீட்டி நிரப்பிக்கும்” என்றார்.

அப்படியானால் அன்று காலை என் மூளை அங்கே ஒரு காட்டை வரைந்து வைத்திருக்கிறது. மரம், நிழல், காய்ந்த புல், வெயில்கூட. அழகாகத்தான் வரைந்திருக்கிறது. யானை இருப்பது அதற்குத் தெரியாது, அதனால் யானையை வரையவில்லை. இதை நினைத்தால் பயத்தைவிட வியப்புதான் அதிகமாக வருகிறது. எத்தனை வருடமாக எத்தனை பொருள்களை இப்படி நானே வரைந்து, பார்த்ததாக நம்பியிருக்கிறேன்?

போனது வராது என்றார். இருப்பதைக் காப்பாற்றலாம், சொட்டு மருந்து ஒருநாளும் தவறக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது. மயிலா முதல் வாக்கியத்துக்கு அழுதாள், இரண்டாவதற்குத் தலையாட்டினாள், மூன்றாவதற்கு என்னைப் பார்த்தாள்.

“ஓட்ட மாட்டேன்” என்றேன். சத்தமாகவே சொன்னேன், பொற்கொடிக்கும் கேட்கட்டும் என்று.

பிப்ரவரி 18, புதன்

காது குத்து நல்லபடியாக முடிந்தது. பேத்தி ஒரே ஒரு கத்தல், பிறகு மிட்டாய். கார் மாப்பிள்ளையிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஊருக்கு ரயில். மயிலா ஓட்டுநர் பள்ளி பற்றிப் பொற்கொடியிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

“அறுபத்து மூணுல கத்துக்குவீங்களாம்மா?”

“உங்கப்பன் பாடம் நடத்துவாரு, நான் ஓட்டுவேன். எனக்கென்ன?”

இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், இதை இப்போதே செய்து பாருங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள். மற்றக் கண்ணால் எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியை விடாமல் பார்த்தபடி, வீட்டில் இருக்கும் ஒருவரை திறந்திருக்கும் கண்ணின் பக்கவாட்டில் ஒரு விரலை ஆட்டிக்கொண்டே மெல்ல முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். விரல் தெரிந்த உடனே சொல்லுங்கள். பிறகு அடுத்த கண்ணுக்கும் அதேபோலச் செய்து, இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் தெரிகிறதா என்று அவரையே கேளுங்கள்.